யார் கேட்பது? பாட்டுப்பெட்டியும் கைப்பேசியும்: இலுப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரலாறு

1

"செல்லுலயே எல்லாம் இருக்கே, பாட்டுக்குன்னு தனியா ஒண்ணு எதுக்கு?"

இது கேள்வி மாதிரி ஒலித்தாலும் முடிந்துபோன தீர்ப்பாகவே சொல்லப்படுகிறது. மறுபக்கம், தனிப் பிளேயர்தான் வேண்டும் என்கிற சிறுபான்மை ஒன்றும் உண்டு. ஒலி சுத்தமாக இருக்கும், பேட்டரி நிற்கும், நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவர்கள் காரணம் அடுக்குவார்கள். இரு தரப்பும் இதைக் கடைக்காரர் முன்னால் நின்று முடிவு செய்யும் விஷயமாகவே பார்க்கின்றன. சந்தை நமக்குத் தருகிற ஒரே தன்னிலை 'வாங்குபவர்' என்பதுதான். அந்தத் தன்னிலைக்குள் நின்றுகொண்டு பார்த்தால் விலையும் தரமும் மட்டுமே தெரியும்.

இந்தக் கேள்வியைச் சந்தையிலிருந்து பிடுங்கி வரலாற்றில் நட்டுப் பார்க்கலாம். அதற்கு ஒரு சிறு நகரம் போதும். புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரையும் அதைச் சுற்றியுள்ள குடுமியான்மலை, விராலிமலை, அன்னவாசல் பகுதிகளையும் எடுத்துக்கொள்கிறேன். இசையைச் சேமித்துவைப்பது, அதற்கு உரிமை கொண்டாடுவது, அதைக் கேட்கவிடாமல் தடுப்பது ஆகிய மூன்றுக்கும் இந்தச் சிறு வட்டாரத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றி. தமிழில் 'கேள்' என்பது விசித்திரமான வினை. பாட்டைக் கேட்கிறோம். வழி கேட்கிறோம். கடன் கேட்கிறோம். "சொன்னா கேளு" என்றால் கீழ்ப்படி என்று பொருள். வள்ளுவர் 'கேள்வி' என்று அதிகாரம் வைத்தது செவிவழி வரும் அறிவுக்காக. போலீஸ் ஸ்டேஷனில் 'கேள்வி' என்றால் அது வேறு. செவிகொடுத்தல், வினவுதல், கோருதல், பணிதல் ஆகிய நான்கும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. பாட்டுப்பெட்டிக்கும் கைப்பேசிக்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சொல்லின் உதவியோடு சுருக்கிச் சொல்லிவிடலாம்: பாட்டுப்பெட்டியை நாம் கேட்கிறோம், கைப்பேசி நம்மையும் கேட்கிறது. ஆனால் இவ்வளவு எளிதாக இதை விட்டுவிட முடியாது. பெட்டியும் ஒருகாலும் அப்பாவியாக இருந்ததில்லை.

2

இலுப்பூருக்குப் பக்கத்தில் குடுமியான்மலை. அங்கே மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. 1904ஆம் ஆண்டு ஆய்வுலகின் கண்ணுக்குப் பட்டது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, வீணைக்கான சுரக் கோவைகளைப் பொறித்துவைத்திருக்கிறார்கள். எழுத்தமைதியை வைத்து 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ருத்ராசாரியார் என்பவரின் மாணவரான ஓர் அரசர், மாணாக்கர்களின் நலனுக்காக இதைச் செய்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. அந்த அரசர் மகேந்திரவர்மனா இல்லையா என்பதில் அறிஞர்களிடையே சண்டை தீரவில்லை. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது வேறு. இசைக்கென்றே, இசைக்காக மட்டுமே ஒதுக்கப்பட்ட ஒரு சேமிப்புக் கருவி இது. பேட்டரி இல்லை. அழிக்க முடியாது. ஆயிரத்து முந்நூறு ஆண்டாக அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பாறை பாடாது. பாட வேண்டுமென்றால் கிரந்தம் படிக்கத் தெரிந்த கண் வேண்டும், வீணை பிடிக்கப் பழகிய கை வேண்டும், கோயிலுக்குள் போகிற உரிமை வேண்டும். 'மாணாக்கர்களின் நலன்' என்ற சொற்றொடருக்குள் எந்தச் சாதி மாணாக்கர் வருவார், எவர் வரமாட்டார் என்பதைக் கல்வெட்டு சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சொல்லாமல் விளங்கிக்கொள்ளப்பட்டது அது.

கொஞ்சம் தள்ளி விராலிமலை. அங்கே இசை பாறையில் இல்லை, பெண்களின் உடம்பில் இருந்தது. முருகன் கோயிலில் சதிர் ஆடிய பெண்களின் மரபு அது. தேவதாசியாகப் பொட்டுக்கட்டுவதைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டம் போட்டு நிறுத்தியது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அந்த மரபின் வழிவந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உடம்பை ஒதுக்கிவிட்டுக் கலையை மட்டும் வேறு பெயரில் எடுத்துக்கொண்டு போனவர்கள், முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த உடம்பையும் ஒருமுறை மேடைக்கு அழைத்தார்கள்.

இசையைத் தாங்கும் ஊடகம் கல்லோ உடம்போ பெட்டியோ எதுவானாலும், அதை 'யார் தொடலாம்' என்ற கேள்வி 'என்ன ஒலிக்கிறது' என்ற கேள்விக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த இரண்டு ஊர்களும் கற்றுத் தருகிற பாடம் அதுதான்.

3

இந்தப் பின்னணியில் பார்த்தால் கிராமபோன் செய்தது சிறிய காரியம் இல்லை. 1902இல் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அடுத்த முப்பதாண்டுகளில் தமிழ்நாட்டில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் தட்டாக விற்கப்பட்டார்கள். குரல் உடம்பைவிட்டுப் பிரிந்தது. பிரிந்த குரல் உடம்பு போக முடியாத வீடுகளுக்குள்ளும் போனது. நாடகக் கொட்டகையில் பாடிய பாட்டு தேசிய இயக்கத்தின் பாட்டாகத் தெருவில் ஒலித்ததைத் தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பாட்டு மட்டுமா, முழு நாடகமே பல தட்டுகள் கொண்ட செட்டாக விற்பனைக்கு வந்தது.

ஆனால் தட்டு யார் வீட்டில் சுழன்றது? பக்கத்துச் செட்டிநாட்டு வளவுகளில் சுழன்றது. பிற்பாடு ஏவி.எம். ஆன மெய்யப்பன் காரைக்குடியில் தம் குடும்பக் கடையில் இசைத்தட்டு விற்றுத்தான் தொழிலுக்கு வந்தார். இலுப்பூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுக்கும் சேரிக்கும் தட்டின் குரல் தட்டாகப் போய்ச் சேரவில்லை. அது 'ரேடியோ செட்'டாகப் போனது. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்றால் ரேடியோ செட்டுக்காரர் வருவார். வேப்பமரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். பிறகு ஊரே கேட்டாக வேண்டும். இங்கே தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. நாகூர் ஹனிபா மார்க்க கீதமும் பாடுவார், கட்சிப் பாட்டும் பாடுவார். இரண்டையும் எல்லோரும் கேட்டார்கள்.

இதை ஒரு பொற்காலமாகச் சித்திரிக்கிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. 'அப்பல்லாம் ஊரே ஒண்ணா பாட்டு கேட்டுச்சு' என்பார்கள். ஊர் ஒன்றாக எதையும் செய்ததில்லை. குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்தத் தெருவைக் கடக்கும்போது எந்தப் பாட்டைப் போடுகிறார்கள் என்பதில் தென்மாவட்டங்களில் எத்தனை மோதல்கள் வந்திருக்கின்றன! ஒலிபெருக்கி என்பது ஒலியால் எல்லை வகுக்கும் கருவியாகவும் இருந்தது. சுதந்திரத்திற்குப் பிறகு அரசு கொடுத்த பஞ்சாயத்து ரேடியோவும் பெரும்பாலும் ஊருக்குள்தான் இருந்தது. சேரிக்காரர்கள் தள்ளி நின்று கேட்டுக்கொள்ளலாம்.

ரேடியோ என்ற தனிக்கருவிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1980கள் வரை வீட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். யார் வீட்டில் ரேடியோ இருக்கிறது என்று அரசுக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் எந்த ஸ்டேஷன் ஓடுகிறது என்று தெரியாது. இந்த இடைவெளி முக்கியமானது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை விரட்டியது. திருச்சி நிலையம் 1939இலிருந்து இயங்கிவந்தது. அது என்ன பாட வேண்டும் என்பதை டெல்லி தீர்மானித்தது. சனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். புதுக்கோட்டைக் கரைக்கு எதிர்க்கரை இலங்கை. அலைவரிசை தெளிவாகக் கிடைத்தது. கடைசியில் 1957 அக்டோபரில் விவித்பாரதியைத் தொடங்கி அரசு இறங்கிவர வேண்டியிருந்தது. முள் திரும்பியதற்கு எங்கேயும் பதிவு இல்லை. யார் திருப்பினார்கள் என்று கேட்க வழியில்லை. கேட்பவருக்கு அநாமதேயம் என்ற பாதுகாப்பு இருந்தது.

4

டேப் ரிக்கார்டர் வந்தபோதுதான் கேட்பவர் பதிவும் செய்யலாம் என்றானது. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963இல் பெர்லினில் அறிமுகப்படுத்தியது. நம் பக்கம் அது பரவலாக வந்து சேர்ந்தது 1970களின் பிற்பகுதியில், வளைகுடாவுக்கும் சிங்கப்பூர் மலேசியாவுக்கும் போனவர்களின் பெட்டிகளில். 'டூ இன் ஒன்' என்ற பெயரே பேச்சு வழக்காயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத தாய் மகனுக்குக் கேசட்டில் பேசி அனுப்பினாள். எழுத்தைத் தாண்டிய கடிதம் அது.

பீட்டர் மானுவல் 1993இல் எழுதிய வட இந்தியக் கேசட் பண்பாடு பற்றிய நூலில் இந்த மாற்றத்தைத் தெளிவாகச் சொல்கிறார். எச்.எம்.வி. என்ற ஒற்றைக் கம்பெனியின் பிடி கேசட்டால் உடைந்தது. வட்டார மொழிகள், நாட்டார் பாடல்கள், சிறு கம்பெனிகள் முளைத்தன. அதே கேசட்டில்தான் அயோத்தியை ஒட்டிய வெறுப்புப் பேச்சுகளும் ஊர் ஊராகப் போயின. ஆகவே மலிவான கருவி தானாகவே சனநாயகக் கருவி ஆகிவிடாது. இதை நாம் மறக்கக்கூடாது.

தமிழ்நாட்டில் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடல் கே.ஏ. குணசேகரனின் குரலில் ஊர் ஊராகப் பரவிய காலம் இது. ஈழப் பாடல் கேசட்டுகள் கைமாறின. 1991க்குப் பிறகு அவற்றை வைத்திருப்பதே பயத்துக்குரியதாயிற்று. கேசட்டில் ஒரு வசதி இருந்தது: மேலே சினிமாப் பாட்டைப் பதிந்துவிடலாம், மேலட்டையில் பெயரை மாற்றி எழுதலாம், ஒன்றும் முடியாவிட்டால் நாடாவை உருவி அடுப்பில் போடலாம். பிளேயர் வாய் திறக்காது. யார் எத்தனை முறை கேட்டார்கள் என்று அது யாரிடமும் சொல்லாது.

இந்த நேரத்தில் வந்ததுதான் வாக்மேன். 1979 ஜூலை 1ஆம் தேதி சோனி அதை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. அதன் பிறப்பில் ஒரு கதை இருக்கிறது. பத்திரிகையாளர்களுக்காக 'பிரஸ்மேன்' என்ற சிறிய ரிக்கார்டரைச் சோனி ஏற்கெனவே செய்துவந்தது. அதிலிருந்து பதிவு செய்யும் பகுதியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஸ்டீரியோவாகக் கேட்கும் வசதியை வைத்தார்கள். பதிவு செய்ய முடியாத டேப் ரிக்கார்டர் என்பதால் விற்காது என்று சோனிக்குள்ளேயே பலர் சொன்னார்கள். விற்றது. அதாவது தனி இசைக்கருவி பிறந்ததே ஒரு கருவியின் காதை அறுத்து வாயை மட்டும் மிச்சம் வைத்ததால்தான். கேட்பவர் மறுபடியும் வெறும் கேட்பவர் ஆனார்.

ஆனால் காதறுந்த கருவி என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அது நம்மை ஒட்டுக்கேட்காது. ஷூஹே ஹொசோகாவா 1984இல் 'வாக்மேன் விளைவு' என்ற கட்டுரையில், தெருவில் நடப்பவர் தெருவிலிருந்து விலகிக்கொள்வதை ஓர் இழப்பாக மட்டும் பார்க்க மறுத்தார். நகரத்தில் நடந்தபடியே தனக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கிக்கொள்வதாக அதைக் கண்டார். நம்மூர்ச் சூழலில் இதற்கு அழுத்தம் அதிகம். தெரு முழுக்கச் சொந்தக்காரர்களும் சாதிக்காரர்களும் இருக்கிற ஊரில், மற்றவர் காதுக்கு எட்டாத ஒரு பாட்டைக் கேட்பது சாதாரண விஷயமா? சாதி தலையிட முடியாத இடம் எதுவென்று தேடினால், இரண்டு காதுகளுக்கு நடுவே இருக்கிற அந்தக் கொஞ்ச இடம்தான் மிஞ்சும்.

இங்கே இதே மாவட்டத்தின் வேறொரு கருவி நினைவுக்கு வருகிறது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். சாய்நாத் இதைப் பற்றி எழுதியது 1996இல் வந்த அவருடைய நூலில் இருக்கிறது. கல்குவாரித் தொழிலாளி, கூலிப்பெண், அங்கன்வாடி ஊழியர் என்று எல்லோரும் ஓட்டினார்கள். சைக்கிளின் சிறப்பு அதன் ஊமைத்தனம். ஏறி மிதித்துப் போய்விட்டால் நடுவழியில் யாரும் கூப்பிட்டு "எங்க இருக்கே?" என்று கேட்க முடியாது. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கேள்வி. அதற்குள் போக வேண்டிய இடத்துக்குப் போய் வந்தாயிற்று.

5

"எங்க இருக்கே?" தமிழ்நாட்டில் கைப்பேசியை எடுத்ததும் பெரும்பாலும் காதில் விழுகிற முதல் கேள்வி இதுதான். மேசைமேல் இருந்த தொலைபேசிக்கு இந்தக் கேள்வி தேவைப்படவில்லை. அது இருந்த இடத்தில்தான் நாமும் இருந்தோம்.

ஆனாலும் நம்மூரில் கைப்பேசி பேசுவதற்காக மட்டும் பரவவில்லை, பாட்டுக்காகவும் பரவியது. 2001 அக்டோபரில் ஆப்பிள் கொண்டுவந்த ஐபாட், 2022 மே மாதம் அந்த வரிசையே நிறுத்தப்படும் வரையிலும், இலுப்பூர் மாதிரி ஊர்களை எட்டவேயில்லை என்று சொல்லலாம். இங்கே வந்தது சீனச் செல்: மலிவு விலை, பெரிய ஸ்பீக்கர், மெமரி கார்டு. செல் கடைகளில் 'பாட்டு ஏத்தித் தரப்படும்' என்று எழுதி ஒட்டினார்கள். கார்டைக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் நூற்றுக்கணக்கில் பாட்டு. ஆடு மேய்க்கப் போகிறவர் சட்டைப்பையில் பாட்டு. களத்து மேட்டில் பாட்டு. தனக்கென்று ஒரு பாட்டுப்பெட்டி வைத்திருப்பது தலைமுறை தலைமுறையாக வசதி படைத்தவர்களின் அடையாளமாக இருந்தது. அதை உடைத்தது செல்தான்.

அரசு இதை எப்படிப் பார்த்தது? 2004இல் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தைத் திருத்தி அதில் 'வீடியோ கொள்ளையர்' என்ற வகையைச் சேர்த்தார்கள். திரைப்படத்தைப் பிரதி எடுப்பவரோடு படத்தின் ஒலித்தடத்தைப் பிரதி எடுப்பவரையும் அந்த வரையறை தொட்டது. கள்ளச்சாராயக்காரர், குண்டர், குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர் ஆகியோரோடு பாட்டு ஏற்றுகிறவரும் ஒரே பட்டியலில்! சட்டத்தின் மொழிக்குக் கேட்பவர் தெரியவே மாட்டார். அதற்குத் தெரிந்தவர்கள் உரிமையாளரும் திருடரும் மட்டுமே.

இன்னொரு நிகழ்வு அதிகம் பேசப்படவில்லை. 2009 டிசம்பர் 1 முதல், ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண் இல்லாத கைப்பேசிகளின் தொடர்பு நாடு முழுக்கத் துண்டிக்கப்பட்டது. பாதுகாப்பு காரணம் என்றார்கள். முந்தைய ஆண்டு மும்பைத் தாக்குதல் நடந்திருந்தது. சீனச் செல்கள் பல அன்றைக்குச் செத்தன. செத்தன என்று எப்படிச் சொல்வது? அழைப்புதான் போகவில்லை, வரவில்லை. கார்டில் இருந்த பாட்டு பாடிக்கொண்டேதான் இருந்தது. அரசாங்கம் ஒரே உத்தரவில் ஏராளமான கைப்பேசிகளைப் பாட்டுப்பெட்டிகளாக மாற்றிவிட்டது! அடையாளம் இல்லாத கருவி பேசக்கூடாது, பாடலாம். அடையாளம் உள்ள கருவி இரண்டும் செய்யலாம், ஆனால் அது எப்போதும் ஆஜராகிக்கொண்டே இருக்க வேண்டும். நம் இரு கருவிகளின் வேறுபாட்டை எந்தக் கோட்பாட்டு நூலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லவில்லை. தொலைத்தொடர்புத் துறை சொன்னது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு கார்டுகூடத் தேவையில்லாமல் போயிற்று. பாட்டு எங்கோ இருக்கிறது, தேவைப்படும்போது இறங்குகிறது. எந்தப் பாட்டைக் கேட்டோம், எந்த இடத்தில் தாண்டினோம், எத்தனை மணிக்குக் கேட்டோம் என்பதெல்லாம் அங்கே பதிவாகிறது. இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பியவரின் அநாமதேயம் இத்தோடு முடிந்தது.

6

இதற்கு மாற்றாகத் தனிக்கருவி மறுபடியும் வந்தது. யாரால் வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எச்.எம்.வி. தட்டுகளை விற்ற அதே பழைய கிராமபோன் கம்பெனி 2000இல் 'சரிகம' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017இல் அது 'கார்வான்' என்ற பெட்டியை வெளியிட்டது. பார்க்கப் பழைய டிரான்சிஸ்டர் போல இருக்கும். உள்ளே 5000 பாட்டு ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். இணையம் வேண்டாம், குமிழைத் திருப்பினால் போதும். இந்திக்குப் பிறகு தமிழிலும் வந்தது. பெற்றோருக்குப் பிள்ளைகள் வாங்கிக்கொடுக்கும் பரிசாக அதை விளம்பரப்படுத்தினார்கள். வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்கிற பிள்ளைகளின் குற்ற உணர்வைச் சந்தை சரியாகக் கணக்குப் போட்டது.

இந்தப் பெட்டி ஒட்டுக்கேட்காது என்பது உண்மை. நடுவில் மணி அடிக்காது. ஆனால் அந்த 5000ஐத் தேர்ந்தெடுத்தது யார்? கம்பெனியின் கிடங்கில் என்ன இருந்ததோ அதுவே 'தமிழரின் பழைய பாட்டு' ஆகிவிடுகிறது. புதுக்கோட்டை நாடக நடிகர்கள் விடிய விடியப் பாடிய வள்ளி திருமணத் தர்க்கம் அதில் இல்லை. ஒப்பாரி இல்லை. நடவுப் பாட்டு இல்லை. பறையாட்டத்தின் அடிவகைகள் இல்லை. குடுமியான்மலைப் பாறைக்கும் இந்தப் பெட்டிக்கும் உறவு இருக்கிறது. இரண்டும் உறுதியானவை, இரண்டிலும் நாம் எதையும் சேர்க்க முடியாது. பென்டிரைவ் செருக ஓர் ஓட்டை விட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டைதான் அதிலுள்ள ஒரே சனநாயகம்.

2022இல் அதே கம்பெனி 1500 பாட்டு ஏற்றிய பட்டன் செல்லையும் விற்கத் தொடங்கியது. தனிக்கருவியா கைப்பேசியா என்று நாம் இங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, மூலதனம் இரண்டு கடையையும் போட்டு உட்கார்ந்துவிட்டது. எதை வாங்கினாலும் கல்லாப்பெட்டி ஒன்றுதான்.

மாறாக, கம்பெனிப் பெட்டியில் இல்லாததெல்லாம் செல்லில் இருக்கிறது. எழவு வீட்டில் பாட்டி பாடிய ஒப்பாரியைப் பேரன் செல்லில்தான் பிடித்தான். வாக்மேன் அறுத்த காதைச் செல் ஒட்டிக்கொண்டு வந்தது. பதிவு செய்யும் உரிமை திரும்பி வந்தது. நாட்டார் வழக்காற்றுத் துறைகள் பெரிய ரிக்கார்டர்களோடு அலைந்து சேர்த்ததைவிடப் பலமடங்கு இன்று செல்களில் கிடக்கும். கிடக்கும் என்றுதான் சொல்ல முடிகிறது. செல் தொலைந்தால், தண்ணீரில் விழுந்தால், புதுசு வாங்கும்போது பழசை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால், பாட்டியும் போய்விடுகிறாள்.

7

ஒட்டிக்கொண்டு வந்த காது யாருடைய காது என்ற கேள்விக்கு வருவோம்.

அல்தூஸர் 1970இல் எழுதிய கட்டுரையில் 'விளிப்பு' பற்றிச் சொல்வது பலருக்கும் தெரிந்திருக்கும். தெருவில் போலீஸ்காரர் "ஏய்" என்கிறார். திரும்பிப் பார்க்கிறவர் அந்தத் திரும்பலிலேயே குடிமகனாக, கீழ்ப்படியும் தன்னிலையாக ஆகிவிடுகிறார். கைப்பேசி மணி இந்த விளிப்பைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது. பாட்டின் நடுவில் பாட்டு நிற்கிறது, "ஏய்" வருகிறது. பாட்டுப்பெட்டிக்கு விளிக்கத் தெரியாது. இருவகைக் கேட்டலின் அரசியலும் இந்த இடத்தில் பிரிகிறது.

இது வெறும் உவமை இல்லை. 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீர்டியில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். அவருடைய கைப்பேசியின் அழைப்பொலி அம்பேத்கரைப் பற்றிய பாட்டு. அந்த நேரத்தில் அவர் பாட்டைப் போடவில்லை. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், பாட்டு தானாக ஒலித்தது. காதுக்குள் இருந்திருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கக்கூடிய பாட்டு, அழைப்பு வந்ததால் தெருவுக்கு வந்தது. குற்றம் செல்லினுடையது இல்லை, சாதியினுடையது. ஆனால் அவர் எந்தப் பாட்டை விரும்பினார் என்பதைச் சாதிவெறியர்களின் காதுக்குக் கொண்டு சேர்த்தது அந்தக் கருவிதான்.

பெண்கள் விஷயத்தில் இதன் மறுபக்கம் தெரியும். 2012 ஜூலையில் உத்தரப்பிரதேசம் பாக்பத் மாவட்டத்து அசாரா என்ற ஊரின் பஞ்சாயத்து, பெண்பிள்ளைகள் தெருவில் செல் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டது. காதல் திருமணத்துக்கும் தடை. நம்மூரில் பஞ்சாயத்து கூட்டி உத்தரவு போடுவதில்லை. "பாட்டு கேக்கணும்னா ரேடியோ வாங்கித் தர்றேன், செல்லு எதுக்கு?" என்று அப்பாவே சொல்லிவிடுவார். இங்கே தனிக்கருவி பூட்டாக வேலை செய்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பாட்டுப்பெட்டியின் ஊமைத்தனம் விடுதலை ஆகாது. பேசுகிற கருவிதான் வாசல். ஆகவே 'செல்லை விடுங்கள், பிளேயருக்குத் திரும்புங்கள்' என்று அறிவுரை சொல்பவர், தான் யார் வாயிலிருந்து பேசுகிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக நம் பக்கத்திலேயே நடந்தது. அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலில், 2022 டிசம்பர் இறுதியில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. 2023இல் வாட்ஸ்ஆப்பில் உலவிய ஒலிப்பதிவு ஒன்றுக்காகக் குரல் பரிசோதனை நடந்தது. மரபணுச் சோதனைக்கும் ஆட்களை அழைத்தார்கள். 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை பாதிக்கப்பட்ட அதே மக்களில் மூன்று பேரைக் குற்றம் சாட்டியது. கைப்பேசிகளில் கிடைத்த உரையாடல்களும் படங்களும் ஆதாரமாகச் சொல்லப்பட்டன. அந்த மக்களும் பல கட்சிகளும் இதை ஏற்காமல் சி.பி.ஐ. விசாரணை கோரினார்கள். குற்றச்சாட்டு நிற்குமா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். நாம் கவனிக்க வேண்டியது கேட்டலின் திசையை. தங்கள் குரலைக் கேளுங்கள் என்று ஒரு சேரி கேட்டது. அரசும் கேட்டது, ஆனால் கைப்பேசிக்குள் இருந்த குரலைக் கேட்டது. முறையீட்டுக்குச் செவிகொடுப்பது ஒருவகைக் கேட்டல், விசாரணையில் குரலை அளப்பது இன்னொரு வகை. தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைதான்.

8

ஆக, தேர்வு என்ன? 'எது நல்லது' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. யார் கையில், எந்தத் தெருவில், எதற்காக என்று கேட்டாக வேண்டும். வீட்டுக்குள் அடைக்கப்பட்ட பெண்ணுக்குச் செல் வேண்டும். பாட்டியின் ஒப்பாரியைப் பிடிக்கச் செல் வேண்டும். இவற்றில் சமரசம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கருவிக்குள் போட்டுக்கொள்வதென்றால், நம் பாட்டையும் பேச்சையும் இருப்பிடத்தையும் ஒரே சாவியில் பூட்டி அந்தச் சாவியை அடுத்தவரிடம் கொடுப்பதாகத்தான் அர்த்தம். அந்த அடுத்தவர் கம்பெனியாக இருக்கலாம், போலீசாக இருக்கலாம், வீட்டு ஆம்பளையாகவும் இருக்கலாம்.

இயக்கங்களில் இருக்கிற நண்பர்களுக்கு நடைமுறையில் சில விஷயங்கள் சொல்ல முடியும். பாட்டை ஊமைக் கருவிக்குப் பிரித்துக் கொடுங்கள். சிம் போடாத பழைய செல்லே போதும். 2009இல் அரசாங்கம் நமக்குக் கற்றுக்கொடுத்த வித்தை அது. ஊரில் பிடித்த பாட்டைச் செல்லிலேயே விட்டுவைக்காதீர்கள். நான்கு கார்டில் ஏற்றி நான்கு பேரிடம் கொடுங்கள். பல கைகளில் இருக்கிற பிரதியைத் தவிர நமக்கு ஆவணக்காப்பகம் என்று ஒன்றும் கிடையாது. அதில் ஒரு பிரதி பாடியவரிடம் இருக்க வேண்டும். அவர் வீட்டில் கருவி இல்லையென்றால் கருவியோடு கொடுங்கள்.

ஒப்பாரி பாடும் கிழவியின் முன்னால் செல்லை நீட்டுவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. பாறையில் வெட்டிய அரசர் எந்தக் கிழவியிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டார். தட்டுக் கம்பெனி பாடியவருக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போனது. குரலைப் பரிசோதிக்கிற அரசுக்குக் கேட்டுச் செய்கிற வழக்கமில்லை. நமக்காவது அந்த வழக்கம் இருக்கட்டும். "பாட்டி, இதைப் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, பிறகு பாட்டைக் கேட்கலாம். வேண்டாம் என்றால் அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.